‘அவள் போய்விட்டால் தேவலை’ என்று பெற்றவள் நினைக்கலாமா?

இந்த வாரக் கடிதம் ஒரு தாயிடமிருந்து வந்திருக்கிறது. பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு நாலரை வயது. ஒன்றேகால் வயதில் நடந்தவள், இரண்டு வயது தாண்டியதும் தடுக்கித் தடுக்கி விழ ஆரம்பித்தாள். கற்றுக்கொண்ட சொற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பரிசோதனைகளுக்குப் பிறகு மெட்டாக்ரோமாட்டிக் லூகோடிஸ்ட்ரோபி என்று சொன்னார்கள். நரம்புகளின் மேலுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துபோகும் மரபணு நோய். இந்த அளவுக்கு முற்றிய பிறகு குணப்படுத்த வழியில்லை. இப்போது அவளால் உட்கார முடியாது, விழுங்க முடியாது. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம். கை கால்கள் விறைத்துக்கொள்கின்றன, வலிப்பு வருகிறது. ராத்திரியானால் மணிக்கணக்கில் அலறுகிறாள். ஆறு மாதத்தில் இரண்டு முறை நிமோனியா வந்து, இரண்டு முறையும் ஐசியூ, வென்டிலேட்டர் வரை போயிருக்கிறது. இரண்டாவது முறை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், “அடுத்த தடவை இப்படி ஆனால் வென்டிலேட்டர் போடத்தான் வேண்டுமா என்று யோசித்து வையுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்.

நெதர்லாந்தில் சின்னக் குழந்தைகளுக்கும் கருணைக்கொலைக்கு அனுமதி வந்துவிட்டது என்று கணவர் எங்கோ படித்திருக்கிறார். கடன் வாங்கியாவது அங்கே போய்விடலாம் என்கிறார். மாமியாரோ, வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்வதே கொலைதான், அந்தப் பாவம் பெற்றவளைத்தான் சேரும் என்கிறார். மார்ஃபின் சிரப் எழுதித் தந்திருக்கிறார்கள். சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது அது என்று கேள்விப்பட்டதால், இந்தத் தாய் சொன்ன அளவில் பாதிதான் கொடுக்கிறார்; சில நாள் அதுவும் இல்லை. ஒன்பது வயது மூத்த மகன், “தங்கச்சி செத்துப்போயிடுமா?” என்று கேட்கிறான். பேச்சை மாற்றிவிடுகிறார்கள். “அவள் போய்விட்டால் தேவலை என்று எனக்கே தோன்றுகிறது. நான் தாய்தானா, டாக்டர்?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் நடுவில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒரு ராத்திரி மருந்துப் புட்டியையே பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன் என்று. மற்றதையெல்லாம் அப்புறம் பேசுவோம். முதலில் இது.

தீராத நோயுள்ள குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான். இவளுக்கு ஒரு விடிவு வராதா என்று பெற்றவர்கள் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் மற்றவர் அறையை விட்டு வெளியே போன பிறகு, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்த நினைப்பு வருவதால் யாருடைய தாய்மையும் குறைந்துவிடாது. அதற்காக உங்களை நீங்களே விசாரணைக் கூண்டில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஆனால் புட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அதைவிட ஒரு படி மேலே போன விஷயம். இன்றைக்கே மருந்துகளை உங்கள் கணவரிடமோ வீட்டிலுள்ள வேறொரு பெரியவரிடமோ ஒப்படையுங்கள். பூட்டி வைக்கட்டும், அந்தந்த வேளைக்கு உரியதை மட்டும் எடுத்துத் தரட்டும். அந்த ராத்திரி மறுபடி வந்தால் தனியாக இருக்காதீர்கள். யாரையாவது எழுப்புங்கள். மருத்துவமனையின் அவசர எண்ணையோ, உங்கள் நாட்டில் இருக்கும் மனநல உதவி எண்ணையோ அழையுங்கள். உங்களையும் சேர்த்து முடித்துக்கொள்ளும் எண்ணம் அதில் இருந்திருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாதக்கணக்கில் தூங்காத எவருக்கும் யோசனை ஒரே திசையில்தான் ஓடும். அதற்கும் சிகிச்சை உண்டு. மகளின் டாக்டரிடம் உங்களைப் பற்றியும் பேச உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் வலியைக் கவனிப்போம்

“நோய் அப்படி, கத்தத்தான் செய்வாள் என்று சொல்லிவிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னவர் யாராக இருந்தாலும் இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பேச முடியாத குழந்தை அலறினால், வேறு காரணம் எதுவும் இல்லை என்று தெரியும்வரை அதை வலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கே வலி என்று தேட வேண்டும். இந்தத் தேடல் உங்கள் மகள் விஷயத்தில் முழுசாக நடந்ததற்கான தடயம் கடிதத்தில் இல்லை.

தேட வேண்டிய இடங்கள் நிறைய. இவளுடைய நோயில் பித்தப்பை கெட்டுப்போவது தெரிந்த விஷயம். அதற்குள் சதை வளரலாம், வீக்கம் வரலாம். வயிற்று ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், ஆனால் எல்லாரும் மூளையையே பார்த்துக்கொண்டிருப்பதால் வயிறு மறந்துபோகும். கால்கள் கத்தரிபோலக் குறுக்கே விறைத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு நழுவியிருக்கலாம். டயப்பர் மாற்றும்போது அலறுகிறாளா என்று கவனியுங்கள். குழாய்வழி ஆகாரம் போகும் குழந்தைக்கு வயிற்றமிலம் மேலே ஏறி நெஞ்சைச் சுடும்; படுக்க வைத்ததும் அழுகை கூடினால் அதுவாக இருக்கலாம். அப்புறம் மலச்சிக்கல், காதில் சீழ், பல் சொத்தை, சிறுநீர்த் தொற்று, படுக்கையிலேயே கிடந்து மெலிந்த எலும்பில் யாருக்கும் தெரியாத ஒரு விரிசல். மூக்குக்குழாயே உறுத்தலாம், வயிற்றில் நேரடியாகக் குழாய் வைப்பதைப் பற்றி யாராவது பேசினார்களா? இதெல்லாம் போக, இந்த நோய் மூளையோடு நிற்பதில்லை, கை கால் நரம்புகளையும் தாக்கும். அந்த நரம்பு வலிக்குச் சாதாரண வலி மருந்து கேட்காது. காபாபென்டின் போன்ற மருந்து வேண்டும், தசை இறுக்கத்துக்கு பாக்லோஃபென் போன்றது வேண்டும். இவற்றைக் கொடுத்துப் பார்த்தார்களா, போதிய அளவில் கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஃபிளாக் என்று ஒரு வலி அளவுகோல் இருக்கிறது. முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறாளா ஆகிய ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டு, மொத்தம் 10-க்கு எண் கொடுப்பது. இவளைப் போன்ற குழந்தைகளுக்காகத் திருத்திய வடிவத்தில், அந்தக் குழந்தைக்கே உரிய அறிகுறிகளைப் பெற்றோர் சேர்த்துக்கொள்ளலாம். வலி வந்தால் இடது கையை மடக்குவாள், மூச்சைப் பிடித்துக்கொள்வாள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அலறும்போது போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுங்கள். எத்தனை மணிக்கு, ஆகாரம் கொடுத்து எவ்வளவு நேரம் கழித்து, எப்படித் திருப்பியபோது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பகலில் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தில் அவள் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். டாக்டர் பார்ப்பது அந்தக் குழந்தையை.

மார்ஃபின் பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அது கடைசி மணி நேரத்து மருந்து என்பது தவறு. உலக சுகாதார நிறுவனம் 2012-இல் குழந்தைகளுக்கென்று வெளியிட்ட வலி வழிகாட்டியில் (2019-இல் அதை விலக்கிக்கொண்டார்கள்) இரண்டே படிகள்தான் இருந்தன: லேசான வலிக்கு பாராசிட்டமால், இபுப்ரோஃபென், அதற்கு மேற்பட்ட வலிக்கு மார்ஃபின். நடுவில் இருந்த கோடீனை எடுத்தே விட்டார்கள், குழந்தைக்குக் குழந்தை அது வேலை செய்யும் விதம் நம்ப முடியாதபடி மாறுகிறது என்பதால். சரியான அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றினால் மார்ஃபின் மூச்சை நிறுத்துவதில்லை, ஆயுளைக் குறைப்பதும் இல்லை. மலச்சிக்கல் வரும்; அதற்கு மருந்து கூடவே போக வேண்டும். நீங்கள் அளவைப் பாதியாக்கி, சில நாள் விட்டும் கொடுப்பதால் என்ன ஆகிறது? அவள் வலிக்குள் போவதும் வெளியே வருவதுமாகவே இருக்கிறாள். ‘மார்ஃபின் கொடுத்தும் அடங்கவில்லை’ என்று டாக்டரும் தப்பாக முடிவு கட்டக்கூடும். குறைத்துக் கொடுத்த விவரத்தை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அவரிடம் பேசாமல் நீங்களாக முழு அளவுக்குத் தாவவும் வேண்டாம்.

இவ்வளவு நீளமாக வலியைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. கனடாவில் 1993-இல் ஒரு விவசாயி, கடுமையான பெருமூளை வாதத்தோடு இருந்த தன் 12 வயது மகளைக் கொன்றார். அவளுடைய வலியைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றார். லாட்டிமர் வழக்கு என்பார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001-இல் ஒருமனதாக அவருடைய ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அன்பில்லாத தகப்பன் என்று சொல்லி அல்ல. உணவுக்குழாய் வைத்திருந்தால் அவளுக்கு இன்னும் வீரியமான வலி மருந்து கொடுத்திருக்க முடியும். செய்யக்கூடியது மிச்சம் இருந்தது என்பது நீதிமன்றம் சொன்னவற்றில் ஒன்று. உங்கள் வீட்டிலும் செய்யக்கூடியது நிறைய மிச்சம் இருக்கிறது.

வென்டிலேட்டர் வேண்டாம் என்றால் கொலையா?

இல்லை. மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது; பேத்தியை யாரோ கைவிடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் வென்டிலேட்டர் என்பது, நுரையீரல் தேறி வரும்வரை தாங்கிப் பிடிக்கிற கருவி. தேறி வருவதற்கான வாய்ப்பு இருக்கும்போது அது உயிர்காக்கும். நோய் முற்றி, ஒவ்வொரு முறையும் முன்பைவிடப் பலவீனமாக வெளியே வரும் குழந்தைக்கு, அதே கருவி சாவை நீட்டித்துக்கொண்டே போகலாம். சுமை அதிகம், பயன் இல்லை என்று தெரிந்த சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதையும், தொடங்கியதை நிறுத்துவதையும் மருத்துவ அறம் கொலையாகப் பார்ப்பதில்லை. குழந்தையைக் கொண்டுபோவது நோய். கருணைக்கொலையில் மருந்து கொடுக்கிறவர், இந்தக் குழந்தை சாக வேண்டும் என்று நினைத்தே கொடுக்கிறார். இங்கே யாரும் அப்படி நினைப்பதில்லை. அவள் நிமோனியாவிலிருந்து தானாகவே தேறிவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

மதம் இதைத் தடுக்கிறது என்று உறவினர்கள் சொல்வதுண்டு. கருணைக்கொலையை மிகக் கடுமையாக எதிர்க்கும் கத்தோலிக்கத் திருச்சபையில்கூட, போப் பன்னிரண்டாம் பயஸ் 1957-இலேயே, அசாதாரணமான சிகிச்சைகளால் உயிரை நீட்டித்தே தீர வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை என்று மயக்க மருந்து வல்லுநர்களிடம் பேசும்போது சொல்லியிருக்கிறார். உங்கள் மாமியார் நம்பும் பெரியவர் ஒருவரை டாக்டரோடு உட்கார்ந்து பேசவைத்தால் நல்லது. நான் எழுதுவதைவிட அது அவர் காதில் ஏறும்.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று தெரியாததால் சட்டத்தைப் பொதுவாகவே சொல்கிறேன். குழந்தைக்குப் பயனில்லாத உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ளப் பல நாடுகளில் வழி இருக்கிறது. நடைமுறைதான் மாறும், சில இடங்களில் டாக்டரும் பெற்றோரும் பேசி எழுதினால் போதும், சில இடங்களில் மருத்துவக் குழு, கருத்து வேற்றுமை வந்தால் நீதிமன்றம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று கண்ணியத்தோடு சாகும் உரிமையை ஏற்று, சிகிச்சையை விலக்குவதற்கான வழிமுறையை வகுத்தது. அது நடைமுறைக்கு ஒவ்வாத அளவு சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. ஊசி போட்டு உயிரை முடிப்பது அங்கே இன்றும் கொலைக் குற்றம்தான்.

டாக்டர் உங்களை யோசித்து வைக்கச் சொன்னது நல்ல காரியம். விடிகாலை மூன்று மணிக்கு எமர்ஜென்சி வாசலில், அவளை முன்பின் பார்த்திராத ஒருவர் கேட்கும்போது முடிவெடுப்பது கொடுமை. முன்கூட்டியே ஒரு சிகிச்சைத் திட்டம் எழுதி வையுங்கள். எது வேண்டாம் என்பதைவிட எது வேண்டும் என்பது அதில் விரிவாக இருக்கட்டும். ஆன்டிபயாடிக் வேண்டுமா, ஆக்சிஜன் வேண்டுமா, மூச்சுத் திணறலுக்கு என்ன மருந்து, வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, யாரை அழைப்பது, மடியில் வைத்துக்கொள்ளலாமா. எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ‘மூன்று நாள் மட்டும் முகமூடி வைத்து ஆக்சிஜன் அழுத்தம் கொடுத்துப் பார்ப்போம், தேறாவிட்டால் நிறுத்துவோம்’ என்ற மாதிரி நடுவழியும் உண்டு. வென்டிலேட்டர் வேண்டும் என்றே நீங்கள் முடிவு செய்தாலும் அதுவும் பெற்றோரின் முடிவுதான். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது.

நெதர்லாந்துக்குப் போனால்?

உங்கள் கணவர் படித்தது பொய்யில்லை, பாதிதான் படித்திருக்கிறார். அங்கே 2002-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தானே கேட்கும் நோயாளிக்கானது. சிறுவர்களில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பச்சிளம் குழந்தைகள் விஷயத்தில் க்ரோனிங்கன் நகர மருத்துவமனையின் டாக்டர்கள் எட்வார்ட் வெர்ஹாகனும் பீட்டர் சாவரும் ஒரு நெறிமுறையை வகுத்து 2005-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒன்று முதல் 12 வயது வரை இருந்த இடைவெளிக்கான விதிமுறை 2024 பிப்ரவரி 1 முதல் வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஐந்திலிருந்து பத்துக் குழந்தைகளுக்குத்தான் இது பொருந்தும் என்று அந்த அரசே சொன்னது.

பெற்றோர் கேட்டால் கிடைக்கும் என்பது இதில் எங்கும் இல்லை. வேதனை தாங்க முடியாதது, தீர வழியற்றது, வலியையும் வேதனையையும் குறைப்பதற்கான தணிப்புச் சிகிச்சை உட்பட வேறு எதனாலும் அதைப் போக்க முடியாது என்று டாக்டர் உறுதியாக நம்ப வேண்டும். சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டும். பெற்றோர் சம்மதம் வேண்டும். குழந்தைக்குப் புரிகிற அளவில் சொல்ல வேண்டும். அதற்கு இஷ்டமில்லை என்ற குறிப்பு தெரிந்தால் செய்யக் கூடாது. முடிந்த பிறகு ஒரு குழு பரிசீலித்து, அரசு வழக்கறிஞரிடம் போகும். ஒரு குழந்தையை நாள்பட வைத்தியம் பார்த்து அறிந்த டாக்டர்தான் இந்த நிபந்தனைகளைத் தாண்ட முடியும். விமானத்தில் வந்திறங்கும் குடும்பத்துக்கு நடைமுறையில் இந்த வழி இல்லை. தவிர, தணிப்புச் சிகிச்சையை எல்லாம் பார்த்தாகிவிட்டதா என்ற முதல் கேள்வியிலேயே உங்கள் மகளின் விஷயம் நின்றுவிடும். பாதி அளவு மார்ஃபினோடு இருக்கிறாள் அவள்.

பெல்ஜியமும் 2014-இல் வயது வரம்பை நீக்கியது. ஆனால் அங்கே குழந்தை தானே கேட்க வேண்டும், கேட்பதன் பொருள் அதற்குப் புரிகிறது என்று மனநல வல்லுநர் சொல்ல வேண்டும். நாலரை வயதில், பேச்சில்லாத குழந்தைக்கு அந்தக் கதவு திறக்கவே திறக்காது. கடன் வாங்குவதானால், வீட்டுக்கு ஒரு நர்ஸ் வைத்துக்கொள்ள வாங்குங்கள்.

அவளால் கேட்க முடியாது

சட்டம் கிடக்கட்டும், நியாயமா இல்லையா என்று சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. ஆனால் எதிர்த்தரப்பு சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் 1975-இல் ஒரு கேள்வி எழுப்பினார். குடல் அடைப்போடு பிறந்த குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு, அது நாள்கணக்கில் வாடிச் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, ஒரு ஊசியில் முடிப்பதைவிட எப்படி உயர்ந்தது? இதற்கு எளிதான பதில் கிடையாது. வெர்ஹாகனை யோசிக்க வைத்ததும், தொட்டாலே தோல் உரிந்துவிடும் நோயோடு பிறந்த ஒரு குழந்தைதான். பெற்றோர் கேட்டும் சட்டம் இடம் தராததால் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. இவர்களெல்லாம் இரக்கமில்லாதவர்கள் அல்ல. நான் மதிக்கும் டாக்டர்கள் சிலரும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

அப்படியும் நான் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம், இன்னொருவரின் வாழ்க்கை வாழத் தகுந்ததா என்று வெளியிலிருந்து கணிப்பதில் நாம் மோசமானவர்கள் என்பதே. க்ரோனிங்கன் கட்டுரையில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 22 குழந்தைகளும் முதுகுத்தண்டு பிளவின் கடுமையான வகையோடு பிறந்தவர்கள். அந்தப் பிளவோடு பிறந்து, வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரையைக் கேள்வி கேட்ட டாக்டர்கள் சுட்டிக்காட்டியதும் இதைத்தான். கடுமையான ஊனத்தோடு வாழும் வாழ்க்கையின் தரத்தை, மிகக் குறைந்த எடையில் பிறந்து வளர்ந்த பதின்வயதினரும் பெற்றோரும் மதிப்பிட்டதைவிட டாக்டர்களும் நர்ஸுகளும் தாழ்வாகவே மதிப்பிட்டார்கள் என்று 1999-இல் வந்த ஒரு கனடிய ஆய்வு காட்டியது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், கடுமையான உடல் ஊனம் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்றார்கள். இவர்களுக்கு வாய் இருக்கிறது, நம் கணிப்பு தப்பு என்று சொல்ல முடிகிறது. உங்கள் மகளால் முடியாது. வளர்ந்தவர் ஒருவர் தன் சாவைக் கேட்பதை ஏற்பதா என்பது வேறு விவாதம். அங்கே கேட்கிறவர் இருக்கிறார். இங்கே நாமே கேட்டு நாமே பதில் சொல்லிக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. நாஜி ஜெர்மனியில் 1939-இல் குழந்தைகளைக் கொல்லும் திட்டம் தொடங்கியபோது, ஊனத்தோடு பிறந்த ஒரு குழந்தையின் குடும்பம் அனுப்பிய விண்ணப்பம்தான் அதற்குத் தொடக்கப் புள்ளி. குறைந்தது 5,000 குழந்தைகள் அதில் செத்தார்கள், எல்லாம் கருணை என்ற பெயரில், டாக்டர்கள் கையால். இன்றைய டச்சு டாக்டர்களை அவர்களோடு சேர்ப்பது அநியாயம். பெற்றோருக்குத் தெரியாமல் செய்த அந்த அக்கிரமத்துக்கும், பல கண்கள் பார்க்க நடக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பேச முடியாதவர்களுக்காக இந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தை என் தொழிலில் இருப்பவர்கள் கையில் கொடுக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. எங்களை எனக்குத் தெரியும் என்பதாலும்தான்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் வலி அடங்காத குழந்தைகள் மிகச் சிலர் உண்டா? உண்டு. கடைசிக் கட்டத்தில் அவர்களுக்கு ஆழ்ந்த தூக்கத்துக்கான மருந்தைத் தொடர்ந்து கொடுக்கலாம். அது வேதனை தெரியாமல் வைத்திருக்கும். உயிரை முடிப்பதற்காகக் கொடுப்பது அல்ல, அளவும் வேதனையைப் பார்த்தே முடிவாகும். உங்கள் மகளுக்கு அந்த நிலை வந்தால் இது கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கிடைக்கும் என்று தெரிந்தாலே உங்கள் கணவரின் பேச்சு மாறக்கூடும். அவர் சாவைத் தேடிப் போகிறார் என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி அந்த அலறலை எப்படி நிறுத்துவது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லித் தராததால் நெதர்லாந்து வரை தேடியிருக்கிறார். அவரை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தைகளுக்கான வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது, அங்கே அனுப்பக் கடிதம் தர முடியுமா என்று அவரே கேட்கட்டும். சாவு பக்கத்தில் வந்த பிறகுதான் அந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். நோய் தெரிந்த நாளிலிருந்தே போகலாம், மற்ற வைத்தியம் நடக்கும்போதே போகலாம்.

மூத்தவன் கேட்ட கேள்வி

ஒன்பது வயதுப் பையனுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைப் பேசக் கூடாது என்பதையும் உங்களிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறான். ‘ஆமாம், தங்கச்சிக்கு இருக்கும் நோய் குணமாகாது. அவள் செத்துப்போய்விடுவாள். எப்போது என்று தெரியாது. அவளுக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்ள டாக்டரும் நாங்களும் வேலை செய்துகொண்டிருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். ‘தூங்கிவிடுவாள்’, ‘சாமிகிட்டப் போயிடுவா’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். தூங்கவே பயப்படும் குழந்தைகள் உண்டு. அவன் அடித்ததாலோ கோபப்பட்டதாலோ இது வரவில்லை, அவனுக்குத் தொற்றவும் தொற்றாது என்பதை அவன் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தொற்று இல்லை என்றாலும் பரம்பரை நோய் இது. பெற்றோர் இருவரும் குறையுள்ள மரபணுவைச் சுமப்பதால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. நோய் சில பிள்ளைகளுக்குத் தாமதமாகவும் வரலாம். மகனுக்குப் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லையென்றால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். அறிகுறி தோன்றும் முன்பே கண்டுபிடித்தால் இன்று மரபணு சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டு. இன்னொரு குழந்தையைப் பற்றி யோசித்தாலும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீடியோவையும் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வயிற்று ஸ்கேன், இடுப்பு எக்ஸ்ரே, நரம்பு வலி மருந்து ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர் நேரமில்லை என்றால், நேரம் உள்ள ஒரு நாளைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். வென்டிலேட்டர் பற்றிய முடிவை வலி அடங்கிய பிறகு எடுங்கள். நீங்கள் ஒரு வாரமாவது தூங்கிய பிறகு.